முடிவுறாத வள்ளம்

என் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் அரைகுறையான பொருள்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று, பிளாஸ்டிக்கினாலான மாதிரி விமானம். இத்தாலியில் தொழில் பார்க்கும் என் மருமகன் 2016 இல் விடுமுறைக்கு வந்தபோது அதைப் பெட்டியோடு கொண்டுவந்து தந்தான். மற்றது, முழ நீளமுள்ள ஒரு முருக்கங்கட்டை. வெளிப்புறம் வள்ளமாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. உட்புறமோ குடையப்படாமல் கட்டையாகவே கிடக்கிறது. அதைத் தொடங்கியவர் என் தந்தையார். 1994 இல் அவர் மறைந்தார். தந்தையும் மகனும் ஆளுக்கொன்றாய் முடிக்காமல் விட்ட பொருள்கள் ஒரே தட்டில் தூசி படிந்து கிடக்கின்றன.

தொடங்கியதை முடிக்காதவன் சோம்பேறி என்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மாம்புரிப் பிள்ளைகளுக்குப் போதித்தவன் நான். ஓய்வுபெற்ற பின் அந்தத் தட்டை அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் அந்தப் போதனை என்னைத் திரும்பிப் பார்த்தது. அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு அநீதி என்று எண்ணிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

முதலில் விமானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இத்தகைய பெட்டியைத் திறந்தால் சிறுசிறு உறுப்புகள் ஒரு சட்டத்தில் ஒட்டியபடி இருக்கும். அவற்றை வெட்டியெடுத்து, அரத்தால் தேய்த்து, பசையிட்டுப் பொருத்தி, இடைவெளி அடைத்து, வர்ணம் பூச வேண்டும். என்னுடையது எழுபத்திரண்டில் ஒன்று என்ற அளவிலானது. உண்மை விமானத்தின் ஆறடி மாதிரியில் ஓரங்குலமாகும். விமானத்தின் பெயர் கோர்செயர். மருமகன் அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது புத்தளத்தில் பிரித்தானியக் கடற்படைக்கு ஒரு விமானத்தளம் இருந்தது. 1944 இல் கோர்செயர் விமானங்கள் அங்கிருந்து பறந்தன. அங்கே விமானத்தை யானை கட்டி இழுக்கும் ஒளிப்படம் உலகம் முழுவதும் பரவிய ஒன்று. அப்போது பதினான்கு வயதுச் சிறுவனாயிருந்த என் தந்தையார், கரைவலைக் கயிற்றைத் தோளில் சுமந்தபடி, வளைந்த இறக்கையுடைய அந்த விமானங்களை அண்ணாந்து பார்த்ததாகச் சொல்வார். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவன் என் மருமகன்.

இம்மாதிரிகளின் வரலாறும் கவனிக்கத்தக்கது. 1942 இல் அமெரிக்கக் கடற்படை, வானில் தோன்றும் விமானம் பகையா நட்பா என இனங்காணப் படையினரைப் பயிற்றுவதற்காக, ஐந்து இலட்சம் மாதிரி விமானங்களைச் செய்துதருமாறு பாடசாலை மாணவரைக் கேட்டது. அளவு, அதே எழுபத்திரண்டில் ஒன்று. போர் முடிந்தது, போருக்குச் சேவை செய்த கைவினை பொழுதுபோக்காயிற்று. பிரித்தானியாவின் எயார்பிக்ஸ் நிறுவனம் கோல்டன் ஹைண்ட் என்ற கப்பலின் மாதிரியையும், பின்னர் ஸ்பிட்பயர் விமானத்தின் மாதிரியையும் சந்தைக்குக் கொண்டுவந்தது. கப்பலின் விலை இரண்டு சிலிங். கடற்கொள்ளையால் பேரரசுக்குச் செல்வம் சேர்த்தவனின் கப்பலைத் தொழிலாளியின் மகனும் தன் மேசையிலே கட்டி முடிக்க முடிந்தது.

எப்படி முடிந்தது? பிளாஸ்டிக் மலிவாயிற்று என்பது பாதி விடையே. மேசையருகே உட்காரத் தந்தைக்கும் மகனுக்கும் மாலைப்பொழுது இருந்தது என்பது மறுபாதி. அந்த மாலைப்பொழுதை எந்த முதலாளியும் தானமாகக் கொடுக்கவில்லை. 1886 மே மாதம் சிகாகோத் தொழிலாளர் எட்டு மணிநேர வேலை கேட்டுத் தெருவில் இறங்கினர்; உயிரையும் கொடுத்தனர். 1919 இல் சர்வதேச தொழில் அமைப்பு தன் முதலாவது உடன்படிக்கையாக எட்டு மணிநேர நாளை ஏற்றது. தேவையின் கட்டாயத்தால் செய்யும் உழைப்பு முடியும் இடத்திலேதான் சுதந்திரத்தின் ஆட்சி தொடங்குகிறது, வேலை நாளைக் குறைப்பதே அதற்கு அடிப்படை நிபந்தனை என்று மூலதனத்தின் மூன்றாம் பாகத்தில் மார்க்ஸ் எழுதினார். அந்தச் சுதந்திரத்தின் மிகச் சிறிய, மிக எளிய ஓர் அடையாளமே மேசைமேல் முடிந்து நிற்கும் ஒரு மாதிரிக் கப்பல்.

ஆனால் 1919 இன் உடன்படிக்கை சுரங்கத்தையும் தொழிற்சாலையையும் பற்றிப் பேசியது. மாம்புரிக் கரையில் வலை இழுப்பவனின் நேரத்தைக் கணக்கிட்டது மணிக்கூடு அன்று, காற்றும் கடனுமே.

எங்கள் கரையில் வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை சோளகம் வீசும். கடல் கொந்தளிக்கும், கரைவலை போட முடியாது. புறத்தேயிருந்து பார்ப்பவருக்கு அது ஓய்வுகாலமாகத் தோன்றும். அந்தக் காலத்தை எண்ணித்தான் என் தந்தையார் முருக்கங்கட்டையை எடுத்தார். அவர் செதுக்க விரும்பியது, தாம் சிறுவயதில் ஏறிய வள்ளத்தின் உருவம். ஒரே மரத்தைக் குடைந்து செய்த அவ்வகை வள்ளங்கள் மலையாளக் கரையிலிருந்து எங்கள் கடலுக்கு வந்தவை. ஆனால், சம்மாட்டியிடம் வாங்கிய முற்பணம் தீராதிருக்கும். இங்கே சோளகம் வீசும்போது கிழக்குக் கரையில் கடல் அமைதியாயிருக்கும். சம்மாட்டி வலையையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு முல்லைத்தீவுக்குப் புறப்படுவார். கடன்பட்டவன் போகாதிருக்க முடியுமா? மாதக்கணக்கில் வாடியில் கிடந்து, வலைக்கும் வள்ளத்துக்குமான பங்கு போக மிஞ்சியதில் தன் பங்கைப் பெற்று, அதையும் கடனுக்குக் கழித்துவிட்டுத் தந்தையார் திரும்பும்போது இங்கே மீன்காலம் தொடங்கியிருக்கும். போகாமல் தங்கிய ஓரிரு வருடங்களிலோ அடுப்பில் பூனை படுத்திருந்தது. பசியோடு வரும் ஓய்வு ஓய்வன்று, அது வேலையின்மை. அந்நாட்களில் உளியைக் கையிலெடுத்துச் சற்று நேரம் கட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு கீழே வைத்துவிட்டுக் கடன் கேட்கப் போவார்.

இந்த மனிதரின் மகனாகிய நான் 2011 இல் என்ன செய்தேன் என்பதைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை பொய்யாகிவிடும்.

அதற்கு முந்திய ஆண்டில் எங்கள் ஊரில் காற்றாலைகள் எழுந்தன. அந்த ஆண்டில் பக்கத்து நுரைச்சோலையில் நிலக்கரி மின்நிலையத்தின் முதற்பகுதி இயங்கத் தொடங்கியது. ஊரே மின்சாரத்தைப் பற்றிக் கதைத்தது. நான் மாணவருக்குக் காற்றாலையின் மாதிரியொன்றைச் செய்துவருமாறு ஒரு தவணை அவகாசம் கொடுத்தேன். பதினான்கு வயது மாணவன் ஒருவன், தடித்த அட்டையால் செய்த தூணையும் ஒரேயோர் இறக்கையையும் கொண்டுவந்தான். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு எங்கள் கரையில் தஞ்சமடைந்த ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை அவன்.

"மற்ற இரண்டு இறக்கையும் எங்கே?" என்று கேட்டேன்.

"நேரம் கிடைக்கல்ல சேர்."

வகுப்பு சிரித்தது. நேரம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று ஒரு பிரசங்கம் செய்து, சுழியம் போட்டேன். சில வாரங்களின் பின், அதிகாலையில் கரைப்பக்கம் போனபோது அவனைக் கண்டேன். பெரியவர்களோடு நின்று கரைவலை இழுத்துக்கொண்டிருந்தான். அதை முடித்துத்தான் பாடசாலைக்கு வருகிறான். மாலையில் தாயோடு வெங்காயத் தோட்டத்துக்குப் போகிறான். நேரம் எல்லாருக்கும் ஒன்றன்று என்பதை என் தந்தையாரின் தோளிலிருந்த கயிற்றுத் தழும்பு எனக்கு எப்போதோ சொல்லியிருந்தது. மாதச் சம்பளம் வந்த பிறகு அதை நான் மறந்துபோனேன். அந்தச் சுழியத்தையும் நான் திருத்தவில்லை.

இனி என் விமானத்துக்கு வருகிறேன். எனக்குக் கடனில்லை, ஓய்வூதியம் இருக்கிறது, மாலைப்பொழுதும் இருக்கிறது. அப்படியிருந்தும் அது ஏன் முடியவில்லை? எல்லாவற்றுக்கும் சமுதாயத்தைச் சாட்டிவிட்டுத் தப்பிக்கொள்வது நேர்மையாகாது.

ஒரு காரணம், தொடக்கத்தின் இன்பத்துக்கும் நடுப்பகுதியின் சலிப்புக்கும் உள்ள தூரம். பெட்டியைத் திறந்த அன்று ஒரே இரவில் விமானியின் இருக்கையை ஒட்டிவிட்டேன். இறக்கை உடலோடு சேருமிடத்தில் மயிரிழை இடைவெளி விழுந்தது. அதை அடைக்க வேண்டும், காயவிட வேண்டும், தேய்க்க வேண்டும், மீண்டும் அடைக்க வேண்டும். எவரும் காணாத, எவரும் பாராட்டாத வேலை அது. அங்கேதான் நின்றுவிட்டேன். இரண்டாவது காரணம் அச்சம். பெட்டியின் மேலுள்ள படத்தில் விமானம் முகில் கிழித்துப் பறக்கிறது. என் கையில் முடியப்போவது அதுவன்று. முடிக்காதவரையில் அது மிகச்சிறந்த விமானமாகவே இருக்கும். முடித்தால் என் கையின் தரம் தெரிந்துவிடும். விற்பவனுக்கு இது நன்றாகவே தெரியும். பெட்டிக்குள் அவன் வைத்து விற்பது பிளாஸ்டிக்கை மட்டுமன்று, முடித்துவிடலாம் என்ற நம்பிக்கையையுந்தான். அதனாலேதான் மேலைநாடுகளில் இப்பொழுதுபோக்கில் ஈடுபட்டோர் பலர் தம் ஆயுளில் கட்டி முடிக்க முடியாத அளவு பெட்டிகளை வாங்கி அடுக்கி வைக்கிறார்கள்.

மூன்றாவது காரணமே என்னை அதிகம் சிந்திக்க வைத்தது. என் வாழ்நாளில் நான் முடித்த வேலைகள் யாவும் மணியடித்து, கல்விப் பணிப்பாளர் வந்து பார்த்து, கையொப்பமிட வேண்டியவை. பிறர் குறித்த நாளுக்குப் பிறர் வேலையை முடிக்க நான் பழகியிருந்தேன். எவரும் கேட்காத வேலையை, எவரும் குறிக்காத நாளில், தனியனாக இருந்து முடிக்க எனக்குப் பழக்கமில்லை. ஓய்வைப் பெற்றுவிட்டால் மட்டும் போதாது. அதை ஆளும் பழக்கமும் வேண்டும். அந்தப் பழக்கம் தனியறையில் வளர்வதில்லை என்பதே நான் கண்டது.

சென்ற வருடம் முருக்கங்கட்டையை ஊர் வாசிகசாலைக்குக் கொண்டுபோனேன். சனிக்கிழமை மாலைதோறும் அரைமணி நேரம், அதற்கு மேலில்லை என்று விதி வகுத்தேன். முதல் வாரம் இரண்டு சிறுவர்கள் வந்தனர். கண்ணாடியிழைப் படகை மட்டுமே அறிந்த பிள்ளைகள் அவர்கள். மரத்தைக் குடைந்து வள்ளம் செய்வார்கள் என்பதே அவர்களுக்குப் புதுமை. கரையிலிருந்து ஒரு முதியவரை அழைத்துவந்தோம். உள்ளே எவ்வளவு ஆழம், விளிம்பு எவ்வளவு தடிப்பு என்பதை அவர் விரல்களால் அளந்து காட்டினார். அந்த அளவுகளை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டோம். தந்தையாரின் கட்டையில் மங்கலான பென்சிற்கோடுகள் இருந்தன. இதுகாலவரை நான் கறையென்று நினைத்த அவற்றை, குடைய வேண்டிய எல்லை அது என்று முதியவரே இனங்கண்டார்.

அந்தப் பழைய மாணவனையும் தேடிப் போனேன். இப்போது மேசன் வேலை செய்கிறான். சுழியம் போட்டது என் பிழை என்று சொன்னேன். அவனுக்கு அந்தப் புள்ளி நினைவில்லை. "அந்த ஒரு இறக்கை நல்லாச் சுத்தின சேர்" என்றான். அடுத்த சனிக்கிழமை வந்து உளியைப் பிடித்தான். என்னைவிட நிதானமான கை. வேலை அதிகமுள்ள வாரங்களில் அவன் வருவதில்லை. ஏன் வரவில்லையென்று நான் கேட்பதுமில்லை.

உட்புறம் இப்போது முக்கால் பங்கு குடையப்பட்டிருக்கிறது. ஓரிடத்தில் நான் அதிகமாகச் செதுக்கி ஓட்டையாக்கிவிட்டேன். அதற்கு ஒரு துண்டுப் பலகை வைத்து அடைத்திருக்கிறோம். உண்மை வள்ளங்களையும் அப்படித்தான் பழுதுபார்ப்பார்கள் என்று முதியவர் ஆறுதல் சொன்னார். விமானம் அலுமாரியிலேயே இருக்கிறது. அதை இனித் தொடவேண்டுமென்று எனக்குத் தோன்றவில்லை. கேட்கும் பிள்ளைக்குக் கொடுத்துவிடுவேன்.

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் ஒரு சொல். அடுத்த முறை ஒரு பிள்ளை அரைகுறையான பொருளைக் கொண்டுவந்து மேசைமேல் வைக்கும்போது, சிவப்பு மையை எடுக்குமுன் அதன் மாலைப்பொழுது யாருக்குச் சொந்தமாக இருக்கிறது என்று கேளுங்கள். அந்தப் பொழுதை மீட்டுக்கொடுக்கும் போராட்டம் பெரியது, நீண்டது. அது முடியும்வரை வாசிகசாலையில் அரைமணி நேரம் ஒரு விளக்கையாவது ஏற்றி வைப்போம்.