இல்லாத மாமாவும் ஏறாத குதிரையும்

பக்கத்து வீட்டுப் பெண் பிரான்சுக்குப் படிக்கப் போகிறாள். அதற்காக ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதுகிறாள். மேலாண்மைப் படிப்பையெல்லாம் அங்கே இப்போது ஆங்கிலத்திலேயே நடத்துகிறார்கள். பேண்ட் ஆறரை வாங்கினால் அவள் கேட்ட கல்லூரியில் சேர்த்துக்கொள்வார்களாம். அவளுடைய அத்தை மகளுக்கு ஒரு சொல்தா வீட்டுப் பையனோடு, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்த குடும்பத்துப் பையனோடு, கல்யாணம் ஆகியிருக்கிறது. அந்தப் பெண் சுஃப்ரேன் வீதியில் அலியான்ஸ் பிரான்சேசுக்குப் போய் பிரெஞ்சு வினைச்சொற்களோடு மல்லுக்கட்டுகிறாள். குடியுரிமை கேட்பவர்களுக்கு முன்பெல்லாம் பி1 அளவு பிரெஞ்சு போதும்; 2026 ஜனவரியிலிருந்து பி2 என்று ஆக்கிவிட்டார்கள். ஆக, ஒரே நாட்டுக்குப் புறப்படும் இரண்டு பெண்கள் ஒரே மொட்டை மாடியில் இரண்டு மொழிகளில் முணுமுணுத்துக்கொண்டு நடக்கிறார்கள். 1962இல், புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, இந்தியரா பிரெஞ்சுக்காரரா என்று முடிவெடுக்க இந்த ஊர்க்காரர்களுக்கு ஆறு மாதம் கெடு கொடுத்தார்கள். அப்போது யாரும் யாரையும் வினைச்சொல் கேட்கவில்லை.

ஓய்வு பெற்றவன், சாயங்காலம் சும்மா இருப்பவன் என்பதால் ஐஇஎல்டிஎஸ் எழுதுகிறவள் என்னைப் பேச்சுத் தேர்வாளராக நியமித்திருக்கிறாள். “தாத்தா, நீங்க சிரிக்கக் கூடாது, தலையாட்டக் கூடாது” என்பது நிபந்தனை. பேச்சுத் தேர்வு மொத்தம் 11 முதல் 14 நிமிடம். அதன் நடுப்பகுதிதான் ஆட்களைக் கவிழ்க்கிறது. கையில் ஓர் அட்டையைக் கொடுப்பார்கள். ‘நீ பார்த்து வியந்த ஒரு கட்டடம்’ என்பதுபோல் ஏதாவது இருக்கும். யோசிக்க ஒரு நிமிடம். பிறகு இரண்டு நிமிடம் வரை நிறுத்தாமல் பேச வேண்டும். எதிரே இருப்பவர் உதவ மாட்டார்.

இந்த இரண்டு நிமிடம் பிள்ளைகளுக்கு ஏன் இத்தனை நீளமாக இருக்கிறது என்று யோசித்தேன். இலக்கணம் காரணமில்லை என்றுதான் தோன்றுகிறது. தமிழில் பேசச் சொன்னாலும் இவள் பாதியில் நின்றுவிடுகிறாள். நம் வீடுகளில் இருபது வயதுப் பிள்ளையை உட்காரவைத்து, குறுக்கே பேசாமல் யார் கேட்டிருக்கிறார்கள்? எனக்கு வயது எழுபதுக்கு மேல். என் மனைவி இன்னும் எனக்கே இரண்டு நிமிடம் கொடுத்ததில்லை.

பயிற்சி மையத்தில் இதற்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பேசுவது உண்மையா என்று யாரும் சரிபார்க்கப் போவதில்லை, அடித்துவிடு. இது சரிதான், அந்த மதிப்பெண் சரளத்துக்கும் சொல்வளத்துக்கும் இலக்கணத்துக்கும் உச்சரிப்புக்கும்தானே தவிர வாய்மைக்கு இல்லை. அப்படிப் பிறந்தவர்தான் காரைக்கால் மாமா. முதல் அட்டையில் அவர் வயலின் வாசித்தார். அடுத்த நாள் ‘உன்னைக் கவர்ந்த மனிதர்’ என்ற அட்டைக்கு அவரே மீனவர்களுக்கு இலவசமாகக் கணக்கு சொல்லிக்கொடுத்தார். ‘மறக்க முடியாத பயணம்’ வந்தபோது அவரோடு இவள் டார்ஜிலிங் போய்வந்தாள். மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவளுடைய பாட்டி, “யாருடி அந்த மாமா? நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு ஏன் வரல?” என்றார். ஆனால் மாமாவை மனப்பாடம் செய்யக் கூடாது. ஒப்பிப்பதைக் கண்டுபிடிக்கத் தேர்வாளர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். கண்டுபிடித்தால் மதிப்பெண் இறங்கும். பொய் சொல்லலாம், உருப்போட்ட பொய் கூடாது. தினமும் புதிதாகச் சொல்ல வேண்டும். நல்ல எழுத்தாளனுக்கும் இதே விதிதான்.

தேர்வுக்குப் படிப்பவர்கள் இந்த ஊரில் மணக்குள விநாயகரைக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். நான் அந்தக் கோயிலுக்குப் பக்கத்திலேயே இருந்த இன்னொருவரை நினைத்துக்கொள்வேன். அரவிந்தரை ஏழு வயதில், 1879இல், அவர் அப்பா இங்கிலாந்தில் கொண்டுபோய் விட்டார். பிள்ளைமேல் இந்திய வாடையே படக் கூடாது என்பது டாக்டர் கிருஷ்ணதன் கோஷின் திட்டம். மான்செஸ்டரில் ஒரு பாதிரியார் வீட்டில் வளர்ந்து, லண்டன் செயின்ட் பால்ஸ் பள்ளியில் படித்து, 1890இல் ஐசிஎஸ் போட்டித் தேர்வை எழுதினார் பிள்ளை. கிரேக்கத்திலும் லத்தீனிலும் மதிப்பெண் வாரிக் குவித்தார். மொத்தத்தில் பதினொன்றாம் இடம். பிறகு கேம்பிரிட்ஜில் இரண்டு வருடப் பயிற்சி. வேலை பார்க்கப்போகும் மாகாணத்தின் மொழியையும் அங்கே படிக்க வேண்டும். வங்காளத்துப் பிள்ளையான அவருக்கு வங்க மொழி சொல்லிக்கொடுத்தவர் ஓர் ஆங்கிலேயர்! தமிழ்ப் பெண் பிரான்சு போக ஆங்கிலப் பரீட்சை எழுதுவதில் அதிசயப்பட என்ன இருக்கிறது என்று இந்த இடத்தில் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

அத்தனையும் தேறிய பிறகு மிச்சமிருந்தது குதிரையேற்றம். கலெக்டர் என்றால் ஜில்லாவைக் குதிரையில் சுற்றிவர வேண்டிய காலம் அது. தேதி கொடுத்தார்கள், போகவில்லை. மறுபடி கொடுத்தார்கள், அதற்கும் போகவில்லை. 1892இல் பெயரை அடித்துவிட்டார்கள். அந்த உத்தியோகத்தில் தனக்கு விருப்பமே இருக்கவில்லை, வேண்டுமென்றுதான் தவிர்த்தேன் என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். குதிரை ஏறாதவர் அடுத்த வருடம் பரோடா வந்து, அங்கே கல்லூரியில் பிரெஞ்சும் ஆங்கிலமும் கற்பித்தார். 1910 ஏப்ரல் 4ஆம் தேதி புதுச்சேரியில் இறங்கினார். அதற்கு மேல் நாற்பது வருடம், 1950 டிசம்பரில் மறையும்வரை, இங்கேயே இருந்தார். அந்தக் குதிரையை நான் பலமுறை கற்பனை செய்திருக்கிறேன். லண்டன் குளிரில், சேணம் பூட்டி, அதிகாரி ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அது பாட்டுக்குப் புல்லை மென்றுகொண்டிருந்திருக்கும். ஒரு பேரரசின் ஆள்சேர்ப்பில் அதைவிட அலட்சியமான தேர்வாளர் இருந்திருக்க முடியாது.

பேண்ட் வாங்கிப் போகிற நம் பிள்ளைகளுக்கும் ஒரு குதிரை காத்திருக்கிறது. அது வகுப்பறை. இவள் அறைச் சுவரில் ஒரு சொற்பட்டியல் ஒட்டியிருக்கிறது. நியூசிலாந்தின் அவெரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்டது, 570 சொற்குடும்பங்கள். கல்லூரிப் பாடநூல்களில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் அவை. அவற்றை வைத்து ஒரு டீகூடச் சொல்ல முடியாது. அதையும் மனப்பாடம் செய்துவிட்டாள். ஆனால் பேராசிரியர் மேசை விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, “நீ என்ன நினைக்கிறாய்?” என்று கேட்கும்போது சொல்ல அந்தப் பட்டியலில் ஒன்றுமில்லை. பேசாமல் இருப்பதை நாம் மரியாதை என்று பழக்கியிருக்கிறோம். அங்கே வகுப்பில் வாய் திறப்பதற்கென்றே மதிப்பெண் வைத்திருக்கும் பாடங்கள் உண்டு. நான் படித்த காலத்தில் “சந்தேகம் இருக்கா?” என்ற கேள்வி மணி அடிக்கும்போதுதான் வரும். சரியான விடை “இல்ல சார்”. புத்தகத்தில் உள்ளதைப் புள்ளி பிசகாமல் எழுதினால் பத்துக்குப் பத்து. அதையே இவள் அங்கே மேற்கோள் குறியில்லாமல் செய்தால் திருட்டு என்று விசாரணைக்குக் கூப்பிடுவார்கள்.

ஆகவே பாடத்திட்டத்தை நான் மாற்றினேன். அட்டைகளை ஓரம் வை, நான் சொல்வதில் தினமும் ஒன்றையாவது மறுத்துப் பேசு என்றேன். “சரி தாத்தா” என்றாள். அப்படிச் சொல்லக் கூடாது என்றேன். “சரி தாத்தா” என்றாள் மறுபடியும். சில நாள் இப்படியே போயிற்று. ஒருநாள் குதிரைக் கதையை அவளுக்கு விஸ்தாரமாகச் சொன்னேன், என் வழக்கப்படி கொஞ்சம் தத்துவம் சேர்த்து. எத்தனை தேர்வு தேறினாலும் கடைசியில் நாம் எதிர்பாராத ஒரு குதிரை நிற்கும் என்று முடித்தேன். அவள் உடனே தலையாட்டவில்லை.

“இல்ல தாத்தா, தப்பு” என்றாள். “அவர் எதிர்பாக்காம மாட்டிக்கல. அவருக்கு அந்த வேலை வேணாம், அதனால போகல. எனக்கு இந்த சீட்டு வேணும். ரெண்டும் ஒண்ணா? குதிரை வச்சா நான் போய் ஏறிடுவேன். காசு கட்டி மொதல்ல கிளாசுக்குப் போவேன்.”

தேர்வாளர் தலையாட்டக் கூடாது என்ற நிபந்தனையை மறந்து ஆட்டிவிட்டேன். அவள் அதற்கும் என்னைத் திட்டினாள்.