இஃதிகாஃபும் ஒன்பதாவது விதிமுறையும்



அசோக் நகரில் எங்கள் மஹல்லாப் பள்ளிவாசலில், ரமளானின் கடைசிப் பத்தில் இஃதிகாஃப் இருப்போர் முன்பெல்லாம் இரண்டு மூன்று முதியவர்களே. சென்ற ஆண்டு நாங்கள் 11 பேர் சேர்ந்தோம். ஆட்கள் பெருகினால் ஒழுங்கு வேண்டுமல்லவா? எனவே ஒன்பது விதிமுறைகளை எழுதிச் சுவரில் ஒட்டினோம். கைப்பேசியை அணைத்து வைத்தல், ஸஹர் உணவை ஒன்றாக உண்ணுதல், பிறருக்கு இடையூறாக உரத்து ஓதாதிருத்தல் என அவை நீண்டன. ஒன்பதாவது, குடும்பத்தார் எவரையும் சந்திக்கலாகாது என்பது.

விதிமுறை வகுத்தல் நம் மரபுக்குப் புதிதன்று. சூஃபியாக்கள் கூடி வாழ்ந்த கான்காஹ்களுக்கு ஒழுங்கு வகுத்த முன்னோடிகளுள் ஒருவர், குராசானைச் சேர்ந்த ஷெய்கு அபூ ஸயீத் (967–1049). அவர் வகுத்தவை பத்து. அந்தரங்க ஞானம் தேடியோர் வாழ்ந்த அவ்விடத்து ஒழுங்கில் மறைபொருளான சடங்கு எதுவும் இல்லை. தூய உடை, ஜமாஅத் தொழுகை, இரவு வணக்கம், வைகறையில் பாவமன்னிப்புத் தேடல், குர்ஆன் ஓதல், திக்ர் ஆகியவை ஒருபுறம். வீண்பேச்சைத் தவிர்த்தல், ஏழைகளை வரவேற்றல், தனித்து உண்ணாதிருத்தல், சொல்லாமல் வெளியே செல்லாதிருத்தல் ஆகியவை மறுபுறம். இறைவனை நாடித் தனித்திருப்போரும் உடனிருப்போரை மறக்கலாகாது என்பதே அவற்றின் சாரம். அந்தச் சாரத்தைத்தான் நாங்கள் தவறவிட்டோம்.

இருபத்தைந்தாம் நோன்பன்று அஸருக்குப் பின், எங்களுள் மூத்தவரான பெரியவரின் துணைவியார் பள்ளிக்கு வந்தார். எழுபதைக் கடந்தவர். கையில் கணவருக்கான சர்க்கரை மாத்திரை. வாயிலில் நின்ற இளைஞர் மாத்திரையை வாங்கிக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்ததைச் சுட்டிக்காட்டி அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த அம்மா நூறடிச் சாலை நெரிசலில் ஆட்டோவுக்காகத் தனியே காத்து நின்றதைப் பிறகே அறிந்தோம். பெரியவர் எவரையும் கடிந்துகொள்ளவில்லை. பேரீச்சம்பழத்தால் நோன்பைத் திறந்தவர், கஞ்சிக் கோப்பையைத் தொடவேயில்லை.

தராவீஹுக்குப் பின் இமாம் எங்களை அமரவைத்து, புகாரியில் பதிவான ஒரு நிகழ்வை நினைவூட்டினார். நபி (ஸல்) அவர்கள் கடைசிப் பத்தில் இஃதிகாஃப் இருந்தபோது, அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்கள் சந்திக்க வந்தார்கள். சிறிது நேரம் உரையாடினார்கள். அன்னையவர்கள் புறப்பட எழுந்ததும், வழியனுப்ப நபியவர்களும் உடன் எழுந்து பள்ளியின் வாசல் வரை சென்றார்கள்.

இமாம் வேறொன்றும் சொல்லவில்லை. நாங்கள் தலைகுனிந்திருந்தோம். நபியவர்கள் திறந்து வைத்த வாசலை, பேணுதல் என்னும் பெயரால் நாங்கள் அடைத்திருந்தோம். அந்த இளைஞர் மீது பிழையில்லை; எழுதிக் கொடுத்தவர்கள் நாங்களே.

அன்றிரவே ஒன்பதாவதை அடித்துவிட்டு வேறு எழுதினோம்: குடும்பத்தார் வந்தால் அளவோடு பேசி, பள்ளியின் எல்லையைத் தாண்டாமல் வாசல் வரை சென்று வழியனுப்புக.

மறுநாள் அந்த அம்மாவை நாங்களே அழைத்து மன்னிப்புக் கேட்டோம். பெரியவர் மெல்ல நடந்து வாசல் வரை அவருடன் சென்றார். அங்கிருந்து ஆட்டோவரை அதே இளைஞர் துணை சென்றார். அன்று பெரியவர் கஞ்சியைக் கேட்டு வாங்கிக் குடித்தார்.

அல்லாஹ் நம் இஃதிகாஃபையும், அதற்காக வீட்டில் நம் சுமையையும் சேர்த்துச் சுமப்போரின் பொறுமையையும் ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.