கரியிலிருந்து கரண்டுக்கு

கோவையில் கணபதி, பீளமேடு, சிட்கோ பக்கம் முப்பது நாற்பது வருடம் முன்பு குடியிருந்தவர்களுக்கு நினைவிருக்கும். சாயங்காலம் தகரக் கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் குழாயிலிருந்து தீப்பொறி புஸ்வாணம் மாதிரி சிதறும். மாடியில் காயும் வேட்டியில் கரும்புள்ளி விழும். ஏதோ ஒரு பவுண்டரியில் அன்றைக்கு மெல்ட்டிங் என்று அர்த்தம். மோட்டார் பம்புக்குப் பேர்போன நம் ஊரில் பம்பின் உடம்பெல்லாம் அப்படித்தான் வார்த்தார்கள். எனக்கும் 31 வருடம் அந்த வேலைதான் சோறு போட்டது. பாதிக்காலம் கரியில், மீதிக்காலம் கரண்டில்.

கரி அடுப்புக்கு குபோலா என்று பெயர். உள்ளே தீச்செங்கல் பதித்த உயரமான இரும்பு உருளை. அடியில் கரிப்படுக்கை. அதன்மேல் ஒரு அடுக்கு இரும்பு, ஒரு அடுக்கு கோக் கரி, கொஞ்சம் சுண்ணாம்புக்கல் என்று மாற்றி மாற்றிக் கொட்டி, பக்கவாட்டுத் துளைகளில் காற்றை ஊத வேண்டும். ஒரு டன் இரும்பு உருக்க சுமார் 150 கிலோ கரி ஆகும். மட்டமான கரியாக இருந்தால் 200-ஐத் தொடும்.

எங்கள் மெல்ட்டிங் மேஸ்திரி பள்ளிக்கூடம் போனவரில்லை. நீலக் கண்ணாடித் துண்டு வழியே ஊதுதுளைக்குள் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு நிமிசம் போகட்டுங்க சார், இரும்பு சோம்பலா இருக்குதுங்க" என்பார். சொன்னது தப்பாது. ஆனால் அவருடைய இருமலும் அந்த அடுப்பு கொடுத்ததுதான். மேலே கரி கொட்டும் மேடையில் நிற்பவர்களுக்குத் திடீரென்று தலை சுற்றும். கார்பன் மோனாக்சைடு என்ற பெயரெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. "கேஸ் அடிச்சிருச்சுங்க" என்பார்கள். கீழே இறக்கிக் காற்றாட உட்கார வைப்போம். அவ்வளவுதான் வைத்தியம்.

இதையெல்லாம் பார்த்து மனமிரங்கித்தான் முதலாளிகள் கரண்டுக்கு மாறினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கார் கம்பெனிகள் எஸ்.ஜி. அயர்ன் கேட்டன. அதற்கு உருகிய இரும்பில் மக்னீசியம் சேர்க்க வேண்டும். கரியோடு கிடந்த இரும்பில் கந்தகம் ஏறியிருக்கும், அது மக்னீசியத்தைத் தின்றுவிடும். அதனால்தான் எங்களிடம் இண்டக்‌ஷன் பர்னஸ் வந்தது.

செம்புக் குழாயைச் சுருளாகச் சுற்றி, உள்ளே சிலிக்கா மண்ணை இடித்துச் செய்த மூசை. குழாய்க்குள் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். சுருளில் கரண்ட் பாய்ந்தால், தொடாமலேயே உள்ளே இருக்கும் இரும்பிலும் கரண்ட் உண்டாகி இரும்பு தானே சூடேறி உருகும். டன்னுக்கு 550, 600 யூனிட். மேஸ்திரி முதல்நாள் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தீயே இல்லாம இதென்ன அடுப்புங்க சார்?" என்றார். பேனல் பார்க்க டிப்ளமோ படித்த தம்பி ஒருவன் வந்தான். மூசை இடிக்கக் கைப்பக்குவம் வேண்டும் என்பதால் மேஸ்திரி தப்பினார். கரி சுமந்த எட்டுப் பேருக்கு வேலை போயிற்று.

அப்புறம் 2012 வந்தது. கோவையில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலும் கரண்ட் போன காலம். குபோலாவாக இருந்தால் ஊதுகாற்றை ஒரு சின்ன டீசல் எஞ்சினில் ஓட்டிச் சமாளிக்கலாம். இதற்கு ஈடான ஜெனரேட்டர் எங்களால் வாங்க முடியாது. குளிர்த்தண்ணீர் பம்புக்கு மட்டும் வைத்திருந்தோம். பாதி உருகிய இரும்பு மேலே பாலாடை மாதிரி உறைந்துகொள்ளும். கரண்ட் வந்ததும் அவசரப்பட்டு முழு வேகத்தில் ஏற்றினால் அடியில் உருகியது வழியில்லாமல் வெடிக்கும். அடுப்பைச் சாய்த்து வைத்து மெதுவாக ஏற்ற வேண்டும். பக்கத்தில் நிற்பவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பான்.

இப்போது பேரப்பிள்ளைகள் கார்பன் கணக்கு கேட்கிறார்கள். கணக்கு இதுதான். 150 கிலோ கரி எரிந்தால் ஏறக்குறைய 450 கிலோ கரியமில வாயு. நம் நாட்டுக் கரண்டில் யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம், ஆக 600 யூனிட்டுக்கு 420 கிலோ. பெரிய வித்தியாசம் இல்லை. புகை கணபதியை விட்டு அனல் மின் நிலையத்துக்குக் குடிபோயிருக்கிறது. காற்றாலைக் கரண்டாக இருந்தால் கதையே வேறு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் கொட்டிக் கொடுக்கும். மார்கழியில்தான் என்ன செய்வது என்று தெரியாது. இருந்தாலும் மேடையில் தலைசுற்றி விழ ஆளில்லை என்பதற்காகவே நான் கரண்ட் பக்கம்தான்.

என் நண்பர் ஒருவர் இன்னமும் வாரம் இரண்டு நாள் குபோலா போடுகிறார். சின்னப் பட்டறை. எச்.டி. இணைப்பு எடுத்தால், ஓட்டாத நாளுக்கும் சேர்த்து மாதாமாதம் டிமாண்ட் சார்ஜ் கட்ட வேண்டும். அவரிடம் போய் மாறுங்கள் என்று எந்த வாயால் சொல்வது? ஐந்தாறு பட்டறைக்காரர்கள் சேர்ந்து பொதுவில் ஒரு கரண்ட் அடுப்பு போட்டுக்கொண்டால் என்ன என்று கேட்டேன்.

"நல்ல ரோசனைதானுங்க. யார் அச்சுக்கு முதல்ல ஊத்தறதுன்னு நீங்க வந்து பஞ்சாயத்து பண்ணுவீங்களா?" என்றார்.