மூன்றாவது புடவையாக இருக்கட்டும்

கலசப்பாக்கம்,
ரதசப்தமி இரவு.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அக்கா எழுதுகிறேன். போனில் பேசினால் "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். அவசரமில்லாமல் படி. மாப்பிள்ளைக்கும் படிக்கக் கொடு.

இன்று அண்ணாமலையார் திருவண்ணாமலையிலிருந்து நம் ஊருக்கு வந்து செய்யாற்றில் தீர்த்தவாரி கண்டார். ஊரே ஆற்று மணலில்தான் இருந்தது. அம்மா உன் பேருக்கு அர்ச்சனை செய்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதாள். வளைகாப்பு வேண்டாம், குழந்தைக்கு ஒரு துணிகூட வாங்கக் கூடாது, அப்பா புடவை நெய்வதையும் நிறுத்தச் சொல்லுங்கள் என்று நீ சொன்னது அவளுக்குத் தாங்கவில்லை. "ஆறு வருசம் காத்துக் கிடந்து கிடைச்ச பிள்ளை. இவளுக்கு ஏன்டி சந்தோசமே இல்லை?" என்று என்னைக் கேட்டாள். போன வாரம் நீயும் அதையேதான் கேட்டாய்: "வயித்துல கை வைக்கவே பயமா இருக்குக்கா. ஊசி, மருந்துன்னு வந்ததாலதான் எனக்குப் பாசம் வரலையோ?"

அன்றே பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்வதானால் என் கதையைச் சொல்ல வேண்டும். அதை இதுவரை அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை.

எனக்குக் கல்யாணமாகி மூன்றாம் மாதமே நாள் தள்ளிப்போனது. மருந்து இல்லை, ஊசி இல்லை. பார்த்தவர்கள் எல்லாம் கொடுத்துவைத்தவள் என்றார்கள். அந்த ஒன்பது மாதமும் எனக்கு வயிற்றுப் பிள்ளைமேல் எதுவுமே தோன்றவில்லை பாப்பா. வாந்தியும் இடுப்புவலியும்தான் இருந்தன. முதல் அசைவை வாயு என்று நினைத்தேன். பிரசவமாகித் துடைத்து நெஞ்சின்மேல் போட்டபோது, யார் வீட்டுப் பிள்ளையோ என்பது போலத்தான் பார்த்தேன். வந்தவர்கள் எல்லாம் சிரித்த முகமாய் இருந்தார்கள், நானும் சிரித்தேன். உள்ளே வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்தேன். பத்தாம் நாளாக இருக்கும். விடிகாலை, தெருவில் தறிச் சத்தம் தொடங்குகிற நேரம். பால் குடித்தபடியே என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனாள். விரலை எடுக்க மனசு வரவில்லை. உன் செல்லமான மூத்தவளுக்கு நான் அம்மாவானது அன்றைக்குத்தான்.

தானாகத் தங்கிய கருவுக்கே இந்தக் கதை. பாசம் வர நாளாவதற்குக் கரு உண்டான விதத்தைக் காரணம் சொல்லாதே.

இத்தனை வருடம் கிராம செவிலியராக வீடு வீடாகப் போகிறவள் நான். இரண்டு மாதமாக உனக்காகவே தேடித் தேடிப் படித்தேன். ஜான் காண்டன் என்று ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் ஒருவர், கர்ப்பிணிக்குக் குழந்தைமேல் இருக்கிற பிணைப்பை அளக்க 1993-ல் 19 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் வெளியிட்டார். குழந்தையைப் பற்றி எவ்வளவு நேரம் நினைக்கிறாள் என்பதை ஒரு கணக்காகவும், எந்த உணர்வோடு நினைக்கிறாள் என்பதை இன்னொரு கணக்காகவும் அவர் பிரித்தார். அதைப் படித்ததும் உன் முகம்தான் கண்ணுக்குள் வந்தது. பாத்ரூம் போகும்போதெல்லாம் உதிரம் பட்டிருக்கிறதா என்று பார்க்கிறாய். இடது பக்கமே படுத்து உடம்பு மரத்துப்போகிறாய். ஸ்கேனுக்கு இன்னும் எத்தனை நாள் என்று மணிக்கணக்காய் எண்ணுகிறாய். நாள் முழுக்க நீ நினைப்பது அந்தக் குழந்தையைத்தான். அந்த நினைப்பு முழுவதும் பயமாக இருப்பதால், அது பாசம் என்று உனக்கு அடையாளம் தெரியவில்லை.

உனக்கு மட்டும் இப்படி இல்லை. ஹம்மர்பெர்க், ஃபிஷர், வின்டர் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் மூன்று பேர், சிகிச்சை வழியாகக் கருவுற்ற தாய்மார்கள் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2008-ல் எழுதினார்கள். கர்ப்ப காலத்தில் அந்தப் பெண்களின் மனநலமும் கணவன் மனைவி உறவும் மற்றவர்களுக்குச் சமமாக, சிலவற்றில் மேலாகக்கூட இருக்கின்றன. குழந்தை பிழைக்குமா என்கிற அந்த ஒரு பயம்தான் கூடுதலாகத் தெரிகிறது. பிள்ளை பிறந்த புதிதில் தன்மேல் நம்பிக்கை குறைவதும் தெரிகிறது. ஏங்கி ஏங்கித் தாய்மையை மனசுக்குள் கோயிலாகக் கட்டி வைத்திருப்பார்கள், அழுகிற பிள்ளையும் தூக்கமில்லாத இரவும் வரும்போது தடுமாறுவார்கள் என்று அதற்குக் காரணம் யோசித்திருக்கிறார்கள். அந்தத் தடுமாற்றத்துக்கு நான் இருக்கிறேன். பிரசவமான முதல் மாதம் நான் உன் வீட்டில்தான். மாமாவிடம் சொல்லியாகிவிட்டது.

"இவ்வளவு செலவு பண்ணிக் கிடைச்சிருக்கு, சந்தோசமா இரு" என்று உன்னைச் சுற்றி எல்லோரும் சொல்கிறார்கள். அந்த வார்த்தை எனக்கு ஆகவே ஆகாது. கஷ்டப்பட்டுப் பெற்றவள் பயப்படக் கூடாதா? வல்லாள மகாராஜாவுக்குப் பிள்ளை இல்லையென்று அண்ணாமலையாரே மகனாக வந்ததாகச் சொல்லி, வருசா வருசம் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் சாமி அவருக்குத் திதி கொடுக்கிற ஜில்லா இது. பிள்ளையில்லாத குறையை இவ்வளவு பெரிதாக நினைக்கிற ஊர், பிள்ளை தங்காமல் போனவளுக்கு ஒரு நாள் துக்கம்கூட அனுசரிப்பதில்லை.

இதை எழுதத்தான் கடிதமே. முதல் தடவை ஒன்பதாம் வாரத்தில் துடிப்பு நின்றபோது நீ அழுதாய். "விடு, அடுத்தது தங்கும்" என்றோம். நானும்தான் சொன்னேன். இன்னும் உருவமே வராததற்கு எதற்கு அழுகை என்று உன் வாயை அடைத்தோம். அன்று அழவிடாத அழுகைதான் இன்று பயமாக நிற்கிறது. தப்பு எங்கள்மேல், பாப்பா. அந்தக் குழந்தைக்காக நீ இப்போது அழுதாலும் வயிற்றில் இருப்பதற்கு அது துரோகம் ஆகாது. இரண்டுக்கும் நீதான் அம்மா.

இனி செவிலியராகச் சில வார்த்தை. ஆன்லைனில் வாங்கிய அந்த இதயத்துடிப்பு மெஷினை மாப்பிள்ளையிடம் கொடுத்து மூட்டை கட்டச் சொல். பழக்கமில்லாத கையில் அது உன் நாடித்துடிப்பையே குழந்தையின் துடிப்பாகக் காட்டிவிடும். கேட்காவிட்டால் பதறுவாய். தப்பாகக் கேட்டுவிட்டால், போக வேண்டிய நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டாய். முதல் பிள்ளைக்கு அசைவு தெரிய ஏறக்குறைய இருபது வாரம் ஆகும். உனக்கு நஞ்சுக்கொடி முன்பக்கம் என்று ஸ்கேனில் எழுதியிருக்கிறதே, அதனால் இன்னும் கொஞ்சம் தாமதமாகத் தெரியலாம். அசைவு பழகிய பிறகு என்றைக்காவது குறைந்ததாகத் தோன்றினால், நடுராத்திரி ஆனாலும் கிளம்பிவிடு.

தூக்கம் வராமல் போனாலோ, நெஞ்சு படபடப்பு நிற்காமல் போனாலோ, டாக்டரிடம் அதையும் நோய் என்றே சொல். நான் வீடு வீடாகப் போய் எடை, பிரஷர், ஹீமோகுளோபின் எல்லாம் கேட்டு எழுதுகிறேன். "பயமா இருக்காம்மா?" என்று உன் விஷயம் தெரிந்த பிறகுதான் கேட்க ஆரம்பித்தேன். கேட்டதும் உடைந்து அழுகிறவர்கள் இருக்கிறார்கள். ராத்திரியில் யாரையும் எழுப்பத் தயக்கமாக இருந்தால் 14416-க்குப் போன் செய். அரசாங்கத்தின் மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம். என்னை எழுப்பினாலும் சரிதான்.

சிகிச்சை விஷயத்தை ஊரில் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். வெட்கத்துக்காக மட்டும் மறைக்காதே. இந்தச் சோதனைக்குழாய் முறையில் உலகத்தில் முதலில் பிறந்த லூயிஸ் பிரவுன் 1978 ஜூலை 25-ல் பிறந்தவர், இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அதே வருடம் அக்டோபர் 3-ல் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் முயற்சியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அவர் சொன்னதை அன்று நம்ப மறுத்தார்கள், வெகுகாலம் கழித்துத்தான் ஒப்புக்கொண்டார்கள். சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜ் 1990-லேயே செய்து காட்டிவிட்டார். அந்தப் பிள்ளைகளுக்கும் அம்மா மடி ஒன்றுதான்.

வளைகாப்பு பற்றி அம்மாவிடம் பேசிவிட்டேன். நீ கேட்கிறவரை யாரும் அந்தப் பேச்சை எடுக்கமாட்டோம். ஒன்பதாம் மாதம் கேட்டாலும் செய்வோம், கேட்காவிட்டாலும் குறையில்லை.

அப்பா தறியில் பச்சைப் பாவு ஏற்றிவிட்டார், அதை இறக்க முடியாது. ஒரு பாவுக்கு மூன்று புடவை உனக்குத் தெரியும். உன்னுடையதை முதலில் நெய்வதாக இருந்தார். நேற்று ராத்திரி தறிக்குழியில் உட்கார்ந்து யோசித்துவிட்டு, "முதல் ரெண்டும் ஆரணிக்குப் போகட்டும். மூணாவது அவளுது. அவ எப்ப சொல்றாளோ அப்ப நெய்யறேன்" என்றார். அதுவரை அந்த நூல் தறியிலேயே இருக்கும்.

வியாழக்கிழமை ஸ்கேனுக்கு நான் வருகிறேன். விடிகாலை போளூர் போய்ச் சென்னை பஸ் பிடிக்கிறேன். நான் வந்த பிறகு உள்ளே போ.

உன் அக்கா.