பெருவிரல் நுழையும் துளை

எங்கள் ஊர் தென்னேரி. திரையனேரி என்பதுதான் தென்னேரி ஆனது என்றும், அந்தத் திரையன் தொண்டைமான் இளந்திரையன் என்றும் சொல்வார்கள். கடியலூர் உருத்திரங்கண்ணனார் அவனைப் பாடியது பெரும்பாணாற்றுப்படை. 500 அடி கொண்ட அந்தப் பாட்டில், மன்னன் வருவதற்கு வெகு முன்பே பாணனின் யாழ் வந்துவிடுகிறது. பாதிரிப் பூவின் உட்புறம் போன்ற தோல் போர்வை, பொன்னைக் கம்பியாக இழுத்தாற்போன்ற நரம்பு என்று உறுப்பு உறுப்பாக வர்ணிக்கிறார் புலவர். ஆனால் அப்படிப்பட்ட யாழ் ஒன்றுகூட நம் கைக்கு வந்து சேரவில்லை. சொற்களிலிருந்தே அதை மீட்டெடுக்க ஆண்டுக்கணக்கில் உழைத்த விபுலானந்த அடிகள், 1947-இல் ‘யாழ் நூல்’ வெளியான அடுத்த மாதமே மறைந்தார்.

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் இடைக்கால ஐரோப்பா கூடத்தில் ஒரு கண்ணாடிப் பேழைமுன் நின்றபோது இதெல்லாம் நினைவுக்கு வந்தது. அங்கே ஒரு பழைய நரம்புக் கருவியின் உடல் இருந்தது. பெயர்தான் நெடுங்காலம் தொலைந்துபோயிருந்தது.

சுமார் 60 செ.மீ. நீளம். 1280-க்கும் 1330-க்கும் இடையில் இங்கிலாந்தில் செய்தது. நம் ஏகாண்ட வீணையைப் பலா மரத்தில் குடைவதுபோல, உடலும் கழுத்தும் ஒரே பாக்ஸ்வுட் கட்டையில் குடைந்தவை. பக்கமெல்லாம் காடு. திராட்சை இலை, ஓக் இலை, வில்லோடு வேடன், பன்றிகளுக்கு ஓக் கொட்டை உதிர்க்கும் ஆள். தலைப்பக்கம் ஒரு டிராகன். வீணையின் யாளி முகத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதன்மேல் உடனே ஒட்டுதல் வந்துவிட்டது.

மேலே இருப்பதோ வயலின் பலகை! வில் போட்டு வாசிப்பதற்காகப் பிற்காலத்தில் மாற்றியிருக்கிறார்கள். பிருடைகளை மூடும் வெள்ளித் தகட்டில் முதலாம் எலிசபெத் அரசியின் சின்னமும் அவருக்கு நெருக்கமான பிரபு ராபர்ட் டட்லியின் சின்னமும் இருக்கின்றன. 1578 என்ற ஆண்டும் இந்தக் கருவியில் பொறித்திருக்கிறது. அதனால் 18-ஆம் நூற்றாண்டு இசை வரலாற்றாசிரியர்கள் இதை வயலின் என்றே எழுதினார்கள். அதன்பின் கிட்டர்ன் என்ற பெயர் வந்தது. வாரிக் கோட்டையில் இருந்ததால் ‘வாரிக் கோட்டை கிட்டர்ன்’ ஆயிற்று. 1963-இல் மியூசியத்துக்கு வந்தபோதும் அதே பெயர்தான்.

1977-இல் லாரன்ஸ் ரைட் என்ற ஆய்வாளர் பழைய எழுத்துகளையும் சித்திரங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். கிட்டர்ன் என்பது முதுகு உருண்ட, லூட் குடும்பத்துச் சிறு கருவி. உருளாத முதுகும் ஆழமான கழுத்தும் கொண்ட இதுவோ சிட்டோல். பெயர்கள் இடம் மாறிப்போயிருந்தன என்று அவர் காட்டினார். விபுலானந்தர் செய்த அதே வகை வேலை. ரைட்டுக்கோ தொட்டுப் பார்க்க மரம் இருந்தது.

கழுத்தின் பின்னால் ஒரு துளை. இடக்கைப் பெருவிரலை அதில் நுழைத்தால்தான் மற்ற விரல்கள் தந்திக்கு எட்டும். நுழைத்த பிறகு கையை மேலும் கீழும் ஓட்ட முடியாது. வயலினுக்கு அது பெரிய இடைஞ்சல். அணைத்து மீட்டுகிறவனுக்கோ அதுவே பிடிமானம். எத்தனையோ மாற்றங்கள் செய்தவர்கள் அந்தத் துளையை மட்டும் அடைக்கவில்லை.

பேழையை ஒட்டி நின்று என் இடக்கையை மடக்கி, பெருவிரலை இல்லாத ஒரு துளைக்குள் விட்டுப் பார்த்தேன். நான்கு விரல்களும் தாமாகவே தந்தி இருக்க வேண்டிய இடத்துக்கு வளைந்தன.