செப்பில் செதுக்கிய முகங்கள்

ஓவியம் ஒருவரது முகத்தை ஒரு மாளிகைச் சுவரில் நிலைநிறுத்தும். செப்புத்தகட்டு அச்சோ அம்முகத்தைப் பல நூறு இல்லங்களுக்குக் கொண்டுசெல்லும். ஒளிப்படக்கருவி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே ஐரோப்பிய மன்னர்களும் பிரபுக்களும் இவ்வாற்றலை உணர்ந்திருந்தனர். பதினேழாம் நூற்றாண்டுப் பிரான்சில் இக்கலையை உச்சிக்கு உயர்த்தியவர் இராபர்ட் நாந்தேய் (1623–1678).

உளியும் மையும்

ரெய்ம்சு நகரில் பிறந்த நாந்தேய், உரியவரை நேரில் அமரச்செய்து முதலில் தாளில் வரைவார். பின்னர் அவ்வுருவம் மெருகேற்றிய செப்புத்தகட்டில் கூரிய எஃகு உளியால் செதுக்கப்படும். வெட்டிய பள்ளங்களில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை விரித்து உருளைகளுக்கிடையே அழுத்தினால் பள்ளத்து மை தாளில் ஏறும். இங்கு வண்ணத்திற்கு இடமில்லை. கோடு தடித்தால் நிழல், மெலிந்தால் ஒளி. கன்னத்தின் மென்மையைச் சிறு கீற்றுகளும் புள்ளிகளும் காட்டும். கவசத்தின் பளபளப்பை நெடுங்கோடுகள் காட்டும். பிழைபட்ட கோட்டை எளிதில் அழிக்கவும் இயலாது.

அதிகாரத்தின் முகம்

நீள்வட்டச் சட்டம், அதனைச் சுற்றிப் பெயரும் பட்டங்களும், கீழே குலச்சின்னம் என்னும் அமைப்பு அன்று பெருவழக்கு. பதினான்காம் லூயியின் நிதியமைச்சர் நிக்கொலாசு ஃபூக்கேவின் உருவத்தை நாந்தேய் 1661இல் செதுக்கினார். அவ்வாண்டு செப்டம்பரிலேயே ஃபூக்கே கைதானார். நீதிமன்றம் நாடுகடத்துமாறு தீர்ப்பளித்தது. மன்னரோ அதனை வாழ்நாள் சிறையாகக் கடுமையாக்கினார். 1680இல் பிஞெரோல் கோட்டைச் சிறையில் அவர் இறந்தார். அவரை வீழ்த்துவதில் முன்னின்ற கோல்பேரின் முகத்தையும் செதுக்கியது இதே உளிதான். வென்றவர், வீழ்ந்தவர் என்னும் வேறுபாட்டைச் செப்புத்தகடு அறியாது. பதவி பறிபோனது, புன்முறுவல் அரும்பும் அம்முகம் மட்டும் தாளில் நின்றது.

கலைக்குக் கிடைத்த மதிப்பு

1658இல் நாந்தேய் அரசவைச் செதுக்கோவியராக அமர்த்தப்பெற்றார். 1660இல் மன்னர் பிறப்பித்த ஆணையொன்று, செதுக்கோவியம் கைத்தொழிலன்று, சுதந்திரக் கலையே என அறிவித்துத் தொழிற்குழுக்களின் கட்டுப்பாட்டிலிருந்து அதனை விடுவித்தது. பிரபுக்களின் பெருமையைப் பறைசாற்றப் பணிக்கப்பட்ட கைகள் தமக்குரிய பெருமையையும் அவ்வாறு ஈட்டிக்கொண்டன.

இன்று அருங்காட்சியகங்களில் அத்தாள்களைக் காண்போருள், சட்டத்தைச் சுற்றியுள்ள பட்டங்களை நின்று படிப்போர் சிலரே. முகத்தைக் கண்டு வியந்தபின், அதன் கீழே சிறிய எழுத்தில் பொறித்துள்ள செதுக்கியவரின் பெயரையே பலரும் தேடுகின்றனர்.