கதவு எண் சென்னை... கலெக்டர் திருவள்ளூர்!

"சார், நீங்க சென்னைதானே?"

கூரியர் பையனிலிருந்து கல்யாண புரோக்கர் வரை சர்வ சாதாரணமாகக் கேட்கிற கேள்வி. நான்தான் பதில் சொல்லத் திணறுவேன். காரணம், என் வீடு இருப்பது திருவேற்காட்டில்!

தபால்காரரைக் கேட்டால் 'சென்னை - 600 077' என்பார். டெலிபோனுக்கும் சென்னையின் அதே 044. ஆனால், ரேஷன் கார்டைப் பிரித்தால் பூந்தமல்லி வட்டம், திருவள்ளூர் மாவட்டம். என் ஸ்கூட்டருக்குப் பூந்தமல்லி ஆர்.டி.ஓ.வின் டி.என். 12. எம்.பி. தேர்தலில் நாங்கள் திருவள்ளூர் தொகுதி. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் (போக வேண்டாம், ஒரு பேச்சுக்குத்தான்) 2022-லிருந்து ஆவடி கமிஷனரேட். ஒரு மருமகளுக்கு நாலு மாமியார்!

இத்தனை நாள் இதெல்லாம் தமாஷாகத்தான் இருந்தது. போன மாதம் எதிர் ஃப்ளாட் தம்பி வந்தபோதுதான் விஷயம் காசு சமாசாரமாகிவிட்டது. கிண்டிப் பக்கம் ஆபீஸ் வேலை அவருக்கு. நான் பத்திரிகைக்கு எழுதுகிறவன் என்பதை அவர் பெரிதாக மதித்ததில்லை. பி.காம். என்பதில் மட்டும் அபார மரியாதை.

"அண்ணா, வாடகைக்கு வரிச் சலுகை இருக்குல்ல... சென்னைன்னா 50 பர்சென்ட், திருவள்ளூர் மாதிரி ஊர்னா 40 பர்சென்ட்டாம். நான் எதைப் போடறது?"

பழைய வரி முறையில் இருக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்கும். கம்பெனி தருகிற வீட்டு வாடகைப் படி ஒன்று. கொடுக்கிற வாடகையில் சம்பளத்தின் பத்து சதவிகிதத்தைக் கழித்த மீதி இன்னொன்று. சம்பளத்தில் 50 அல்லது 40 சதவிகிதம் மூன்றாவது. இதில் எது குறைச்சலோ, அதற்குத்தான் வரி கிடையாது. தம்பிக்கு அடிப்படைச் சம்பளம் 30,000, படி 15,000, வாடகை 18,000. முதல் இரண்டு கணக்கும் 15,000-ல் வந்து நின்றன. மூன்றாவது, சென்னையென்றால் 15,000, இல்லையென்றால் 12,000. வருஷத்துக்கு 36,000 வித்தியாசம். அவர் கட்டுகிற 20 சதவிகிதத்தில் 7,200 ரூபாய்!

"ரெண்டு நாள் டைம் குடுங்க தம்பி" என்று அனுப்பிவிட்டு, பத்து வருஷமாகக் குடியிருக்கிற ஊரை முதன்முதலாக மேப்பில் தேடினேன்.

கோயம்பேட்டிலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மேற்கே சுமார் 10 கிலோமீட்டர். மதுரவாயல், வானகரம் தாண்டி, வேலப்பன்சாவடியில் வலது பக்கம் திரும்ப வேண்டும். கொஞ்ச தூரத்தில் ஒரு பாலம். கீழே... மூக்கைப் பொத்தாதீர்கள், கூவம்தான்!

சேத்துப்பட்டிலும் சிந்தாதிரிப்பேட்டையிலும் கூவத்தைப் பார்த்தவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் இங்கே வந்து பார்க்க வேண்டும். மழை பெய்தால் செந்நிறத் தண்ணீர் கரை தொட்டு ஓடும். பாலத்தில் ஸ்கூட்டரை நிறுத்தி வேடிக்கை பார்க்க ஒரு கூட்டமே நிற்கும். கோடையில் வராதீர்கள். ஆகாயத்தாமரைதான் இருக்கும். எங்கள் பங்குக்கு நாங்களும் கழிவு நீரைக் கலக்க ஆரம்பித்துவிட்டோம். பட்டணத்துக்குப் போய்க் கெட்ட நதி என்று இனிமேல் சென்னையை மட்டும் திட்ட முடியாது.

மழைக்காலத்தில் ஊரிலிருந்து பெரியப்பா தவறாமல் போன் பண்ணுவார். "செம்பரம்பாக்கம் தொறந்துட்டானாமே, மாடிக்குப் போயிட்டியா?" செம்பரம்பாக்கம் ஏரி எங்களுக்குப் பக்கம்தான். ஆனால், அதன் உபரி நீர் போவது அடையாற்றுக்கு! பூண்டி ஏரியில் திறந்தால் கொசஸ்தலையாறு வழியாக எண்ணூருக்குப் போகும். எங்கள் கவலை கூவமும், அக்கம்பக்கத்து ஏரிகளும்தான். கோலடி ஏரி, அயனம்பாக்கம் ஏரி... இவற்றைச் சுற்றி வீடுகள் நெருங்க நெருங்க, தண்ணீர் தன் பழைய வழியைத் தேடி எங்கள் தெருவுக்கு வருகிறது. நூம்பல், காடுவெட்டி, பெருமாளகரம், மாதிரவேடு என்று ஏரியாக்களின் பெயரைக் கேளுங்கள். ஏதாவது ஒன்றில் 'நகர்' வாசனை அடிக்கிறதா? வயலுக்கு வைத்த பெயர்களில் ஃப்ளாட் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஜனத்தொகையும் அப்படித்தான். 2001-ல் 32 ஆயிரம் சொச்சம் பேர் இருந்த ஊர். 2011 கணக்கெடுப்பில் 62,824. பத்தே வருஷத்தில் கிட்டத்தட்ட டபுள்! பேரூராட்சியாக இருந்தது, 18 வார்டு நகராட்சியாகிவிட்டது. 2021-ல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு அந்த வருஷம் நடக்கவில்லை. அதனால் நானும் தம்பியும் இன்னும் அந்த 62,824-க்குள் வராத ஆசாமிகள். இவ்வளவு பேருக்கும் ஊருக்குள் ஒரு ரயில்வே ஸ்டேஷன் கிடையாது. ஆவடியோ அம்பத்தூரோ போய்த்தான் ஏற வேண்டும்.

மாவட்டக் கதைக்கு வருகிறேன். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை 1997-ல் இரண்டாகப் பிரித்தார்கள். காஞ்சிபுரம் ஒன்று, திருவள்ளூர் ஒன்று. நாங்கள் திருவள்ளூர் பங்கு. 2011-ல் சென்னை மாநகராட்சி பெருத்தது. 174 சதுர கிலோமீட்டர், 426 ஆனது. அம்பத்தூரை எடுத்துக்கொண்டது, மதுரவாயலை எடுத்துக்கொண்டது. எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 2018-ல் சென்னை மாவட்டமே விரிந்தது. மதுரவாயல் வட்டம் உள்ளே, பூந்தமல்லி வட்டம் வெளியே. பந்தியில் பக்கத்து இலை வரைக்கும் பரிமாறிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போன மாதிரி!

இதன் முழுப் பலனை அனுபவிக்கிறவள் என் பெண். ஸ்கூல் மதுரவாயலில். நவம்பர் மாதக் காலை ஆறு மணிக்கு டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுவாள். 'திருவள்ளூர் மாவட்டப் பள்ளிகளுக்கு விடுமுறை' என்று கீழே ஓடினால், தெருவில் அவள் வயசுப் பிள்ளைகள் எல்லாம் குதிக்கும். சென்னைக்கு விடுமுறை வராவிட்டால் இவள் மட்டும் ரெயின்கோட் மாட்ட வேண்டும்.

"மழை நம்ம வீட்டு மேலதானேப்பா பெய்யுது?" என்பாள். இரண்டு கலெக்டர்கள் சேர்ந்து உட்கார்ந்தாலும் இதற்குப் பதில் சொல்வது கஷ்டம்.

ஆனால், ஞாயிற்றுக்கிழமை மட்டும் இந்த ஊர் எந்த மாவட்டம் என்று யாரும் கேட்பதில்லை. கருமாரியம்மன் கோயிலுக்கு வருகிற கூட்டம் அப்படி! குறி சொல்பவளாக வந்த அம்மனைச் சூரியன் மதிக்காமல் போய், ஒளியிழந்து, மன்னிப்புக் கேட்டுத் தன் கிழமையையே அவளுக்குக் கொடுத்ததாகத் தல கதை. ஆடி ஞாயிறுகளில் வேலப்பன்சாவடியில் திரும்புவதற்கு முன்னால் வீட்டுக்கு போன் செய்து, "சாப்பாட்டை ஹாட்பேக்ல போட்டு வை" என்று சொல்லிவிடுவது உத்தமம்.

அந்தக் கூட்டத்தில் பாதி எட்டிப் பார்க்காத இன்னொரு கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. வேதபுரீஸ்வரர் கோயில். சம்பந்தர் பாடிய தலம். நான்கு வேதங்களும் வேல மரங்களாக நின்ற காடு, அதனால் வேற்காடு என்கிறார்கள். எனக்கு அங்கே ரொம்பப் பிடித்தவர் அறுபத்து மூவரில் ஒருவரான மூர்க்க நாயனார். எங்க ஊர்க்காரர்! அடியார்களுக்குச் சோறு போட்டே சொத்தைத் தீர்த்தவர். பிறகும் போட வேண்டுமே? தெரிந்த தொழில் ஒன்றுதான் மிச்சம்... சூதாட்டம்!

பக்கத்துக் குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார், பெரியபுராணத்தில் இவர் டெக்னிக்கையே சொல்லியிருக்கிறார். முதல் ஆட்டத்தில் தோற்பார். எங்க காமர்ஸ் பாஷையில் முதலீடு. எதிராளி தைரியமாகப் பணத்தை வைத்ததும் அடுத்தடுத்து ஜெயிப்பார். ஜெயித்த காசைக் கையால் தொடமாட்டார். நேரே சமையற்காரர்களுக்குப் போய்விடும். அடியார்கள் எல்லாம் சாப்பிட்ட பிறகு, கடைசிப் பந்தியில்தான் தனக்கு இலை. ஆட்டத்தில் யாராவது பொய் பண்ணினால் மட்டும் இடுப்பிலிருந்து கத்தியை உருவுவார். பெயர்க் காரணம் அதுதான்.

மூன்றாம் நாள் தம்பி வந்தார்.

"மதுரவாயல்ல இருந்தா 50 போடலாம். நமக்கு 40தான் தம்பி."

"பின்கோடு சென்னைதானேண்ணா? யாரு வந்து பாக்கப் போறாங்க?"

நான் மூர்க்க நாயனார் கதையைச் சொன்னேன். அமைதியாகக் கேட்டார்.

"நெஜமாவே குத்துவாராண்ணா?"

"சேக்கிழார் அப்படித்தான் எழுதியிருக்கார்."

40-ஏ போட்டுவிட்டார். கூடவே, வானகரத்துக்கு அந்தப் பக்கம் வீடு பார்க்கப் போவதாகச் சூளுரைத்துவிட்டுப் போனார். இரண்டு வீடு பார்த்தும் வந்தார். ஆனால், "ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு நான் பஸ் ஏறியா வரணும்? 7,200 ரூபா போனா போகட்டும்" என்று அவர் வீட்டம்மா சொல்லிவிட்டார்களாம்.